தட்டாத கதவு

அத்தியாயம் 9

சாவு விழுந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பொதுவாக என்ன பேசுவதென்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார்கள். அந்தக் கரையோரத் தெருக்காரர்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ஐந்து நாட்களாக எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அசந்து தூங்கிட்டீங்க. அதுக்கு நீங்க என்ன பண்ண முடியும்?"

பதினான்காம் எண் வீட்டுக் கிரேன்காரரும் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். துறைமுகத்தில் இரவெல்லாம் கிரேன் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர் அவர். போன வியாழக்கிழமை பிற்பகல் புயல்காற்றோடு கழிமுகத்துத் தண்ணீர் ஏறி வந்தபோதும் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கீழே, தரையைவிட நாலு படி தாழ்ந்து தண்ணீரைப் பார்த்த அறையில் அவர் மனைவி படகு உறை தைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்கு வெளிப்பக்கமாகத் திறக்கிற ஒரே கதவு. வெளியே ஏறிய தண்ணீர் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அவர் தானாக விழித்து, இறங்கி ஓடி, கடப்பாரையால் கதவைப் பெயர்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதுவரை நீங்களும் படித்ததுதான். உங்களுக்கும் அந்தத் தெருவுக்கும் தெரிந்து, அவருக்கு மட்டும் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அவர் கதவை யாரும் தட்டவே இல்லை.

அங்கே இருபத்திரண்டு வீடுகள். அவற்றைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றுவது குடியிருப்போர் சங்கம். சேர்வதும் விலகுவதும் அவரவர் இஷ்டம். சம்பளமும் கிடையாது, மாலை மரியாதையும் கிடையாது. மதகுக் கதவை இறக்குவது, கரைச்சுவரில் விரிசல் பார்ப்பது, பம்பை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் முறை வைத்துக்கொண்டு அவர்களே செய்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது 'வட்டம்'. படகுத்துறைத் தூணில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டதும், ஒன்றாம் எண்ணில் இருக்கும் செயலாளர் இரண்டாம் எண்ணுக்குப் போன் செய்வார். இரண்டு மூன்றுக்கு, மூன்று நான்குக்கு. கடைசி வீடு செயலாளரைத் திரும்ப அழைத்தால் வட்டம் முடிந்தது.

போனை எடுக்காத வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்பது சட்டம். நேரில் போய்த் தட்ட வேண்டும், ஆள் வந்து முகத்தைக் காட்டும்வரை. கிரேன்காரரின் போன் பகலில் எப்போதும் ஊமை. அதனால் பதின்மூன்றாம் எண் பல் டாக்டர் அம்மாள் அவருக்குப் போன் செய்கிற வேலையே வைத்துக்கொள்வதில்லை. நேரே போய் இரண்டு கையாலும் கதவை இடிப்பார். நாலு வருஷத்தில் ஆறு முறை கிரேன்காரர் அப்படித்தான் எழுந்து ஓடி வந்திருக்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த கூட்டத்தில், தன் வீட்டுப் பின்னால் கரைச்சுவர் ஒரு சாண் தாழ்ந்திருக்கிறது, அதை முதலில் உயர்த்துங்கள் என்று அவர் கேட்டார். படகுத்துறைப் பலகைகளை மாற்றுவதற்கே அதிகம் பேர் கை தூக்கினார்கள். மூக்கு நுனியில் கோபம் உள்ள மனிதர், எழுந்து நின்று கத்தினார். "என் பேரை எடுத்துடுங்க! உங்க சங்கமும் வேணாம், வட்டமும் வேணாம்!"

எழுத்தில் கடிதம் தராமல் யாரும் விலகியதாகாது என்று விதி இருந்தது. ஆனால் செயலாளர் வேறு யாருமல்ல, அவருடைய கூடப்பிறந்த அக்கா. "தம்பின்னதும் கடிதம் வேணும்னு விதி பேசுவீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். முப்பது வருஷம் பூகோளம் நடத்தி, ஒரு மாணவிக்கும் சலுகை மதிப்பெண் போடாதவர் என்று பெயரெடுத்த டீச்சருக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்று மாலையே பதினான்கை அடித்துவிட்டுப் புதிய பட்டியல் தயாரித்தார். பதின்மூன்றுக்குக் கீழே பதினைந்து. இருபத்தொரு வீட்டிலும் அது ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. தம்பிக்கு மட்டும் தரவில்லை. உறுப்பினராக இல்லாதவருக்கு எதற்குப் பட்டியல்?

ஆக, தெருவே சேர்ந்து அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு.

*

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்கத் தலைவர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேப்டன் என்றால்தான் தெரியும். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருந்தது.

"இருபது வீட்டுப் பட்டியலும் வாங்கியாச்சு டீச்சர். உங்களோடது ஒண்ணுதான் பாக்கி."

"எதுக்கு வாங்குறீங்க?"

"பழைய பட்டியலை மறுபடி ஒட்டச் சொல்லியிருக்கேன். நாலு மணிக்கு நகராட்சி விசாரணை அதிகாரி சங்கக் கூடத்துக்கு வர்றார். தட்டினேன், யாரும் திறக்கலை, தூங்கிட்டு இருந்திருப்பார்னு டாக்டர் சொல்லிடுவாங்க."

"டாக்டர் ஒத்துக்கிட்டாங்களா?"

"அழுதாங்க. அப்புறம் ஒத்துக்கிட்டாங்க."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். கேப்டனை உட்காரச் சொல்லத் தோன்றவில்லை.

"உங்க தம்பியே அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கார்," என்றார் கேப்டன், குரலைத் தணித்து. "நாம புதுசா எதையும் ஜோடிக்கலை. இருக்கிறதைக் கிளறாம விடுறோம், அவ்வளவுதான்."

"அவன் என் தம்பி, கேப்டன்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட கடைசியா வந்தேன்." அவர் கோப்பை மேஜைமேல் வைத்தார். "ஒண்ணு யோசிங்க. சும்மா உதவி பண்ண வந்த மனுஷங்க நாம. நாளைக்குக் கோர்ட் வாசல்ல போய் நிக்கணும்னா இந்தத் தெருவுல எவன் வந்து மதகை இறக்குவான்? எவன் பம்பைத் தொடுவான்? சங்கம் கலைஞ்சா அடுத்த புயலுக்கு எல்லா வீடும்தான் முழுகும். போன உயிர் போயிடுச்சு. மீதி உயிருங்களைப் பார்க்க வேணாமா?"

கேப்டன் அயோக்கியர் இல்லை. அவரைக் கெட்டவராக்கி எழுதுவது எனக்குச் சுலபம், ஆனால் அது நியாயமாகாது. இரண்டு பெரிய புயல்களில் மதகுமேல் நின்று அந்தத் தெருவைக் காப்பாற்றியவர் அவர். சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

"நாலு மணிக்குக் கூடத்துக்கு வர்றப்போ கொண்டு வர்றேன்," என்றார் டீச்சர் கடைசியில்.

*

அதே நேரத்தில் டீச்சரின் மகள் பதினான்காம் எண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. இரவுப் பணி முடிந்து திரும்பும் வழியில் மாமாவுக்கு ரொட்டி வாங்கி வந்திருந்தாள்.

நேற்று வாங்கி வைத்த ரொட்டி அப்படியே இருந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மாமா சமையலறையில், சாய்வதற்கு முதுகில்லாத முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"படுத்தீங்களா மாமா?"

"இல்லைம்மா."

"அஞ்சு நாளாச்சு. இப்படியே போனா விழுந்துடுவீங்க."

"கண்ணை மூடினாத் தட்டுற சத்தம் கேக்குது. ஓடிப்போய்த் திறக்கிறேன். யாரும் இல்லை." அவர் எழுந்தார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். "நீ எனக்கு ஒரு உதவி பண்ணு. நான் மேல போய்ப் படுத்துக்கிறேன். நீ வெளியில நின்னு, டாக்டர் அம்மா தட்டுற மாதிரி தட்டு."

"எதுக்கு மாமா?"

"தட்டேன், சொல்றேன்."

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கதவு நனைந்து உப்பியிருந்ததால் இழுத்துத்தான் சாத்த வேண்டியிருந்தது. மாடிப்படியில் அவர் ஏறுகிற சத்தம் நின்றதும், மனசில்லாமல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"கேக்குது!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "இதைவிட மெதுவா!"

அவள் விரல் முட்டியால் தொட்டும் தொடாமலும் தட்டினாள்.

"கேக்குது!"

பிறகு சத்தமே இல்லை. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மாமா படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு மெதுவாத் தட்டினாலும் கேக்குதே. அந்தம்மா இடிச்சா தெருவே அதிரும். அன்னிக்கு மட்டும் எனக்கு எப்படிம்மா கேக்காமப் போச்சு? என்ன மனுஷன் நான்? பொணம்கூட எழுந்திருக்குமே!"

உண்மை அவள் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்று அவளுக்குப் பட்டது. ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு ஓடினாள்.

*

"அம்மா, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

டீச்சர் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றிருந்தார். பட்டியலின் ஒரு மூலையைப் பிய்த்திருந்தார், மீதி மூன்று மூலையும் ஒட்டியிருந்தது. அவர் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று சொல்ல முடியாது. அடுப்பில் வைத்த தண்ணீர் சுண்டிப் பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. மகள் போய் அணைத்தாள்.

"கேப்டன் வந்துட்டுப் போனார்," என்றார் டீச்சர்.

"யார் வேணா வரட்டும். மாமா என்னைக் கதவைத் தட்டச் சொல்லிக் காதைச் சோதிச்சுப் பார்க்கிறார்மா. தனக்குக் காது கேக்குதா இல்லையான்னு. என்னால பார்த்துட்டு நிக்க முடியலை."

"சொன்னா என் முகத்துலயே முழிக்க மாட்டான்டி. கூடப்பிறந்ததுன்னு எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

"முழிக்க வேணாம். தூங்கட்டும்."

டீச்சர் திரும்பி மகளைப் பார்த்தார். வகுப்பில் எதிர்த்துப் பேசுகிற பெண்ணைப் பார்க்கிற பார்வை முதலில் வந்தது. பிறகு அது போய்விட்டது.

"வேணும்னு பண்ணலைடி," என்றார்.

"எனக்குத் தெரியும். அதையும் அவர்கிட்டயே சொல்லு."

அதற்கு மேலும் ஐந்தாறு மணி நேரம் பிடித்தது டீச்சருக்கு. புடவையை மாற்றினார். கருகிய பாத்திரத்தைத் தேய்த்தார். தேய்த்ததையே மறுபடி தேய்த்தார். மணி மூன்றேகால் ஆனபோது மீதி மூன்று மூலையையும் பிய்த்து, காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

தெருவில் சிலர் அதற்குள் சங்கக் கூடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். டீச்சரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பல் டாக்டர் வீட்டில் திரைச்சீலை அசைந்து, அடங்கியது.

*

பதினான்காம் எண் வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. அப்படியும் டீச்சர் வாசலிலேயே நின்றார்.

"வாக்கா," என்றார் தம்பி. "உக்காரு. ஈரம் இன்னும் காயலை, அந்த ஸ்டூல்ல உக்காரு."

டீச்சர் உட்காரவில்லை. பட்டியலை நீட்டினார். அவர் வாங்கி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. விரல் அங்கே நின்றது.

"பதினாலு எங்கே?"

"நான் எடுத்துட்டேன். கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே."

"அப்போ டாக்டர் அம்மா..."

"தட்டலை. அவங்க பட்டியல்படி பதினஞ்சுக்குப் போன் பண்ணினாங்க. உன் கதவை அன்னிக்கு யாரும் தட்டலைடா."

கிரேன்காரர் கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தார்.

"அப்போ எனக்குக் காது கேக்குது," என்றார்.

சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நாளாக இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தன. அக்காவைத் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் டீச்சருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கோவத்துல நான் ஆயிரம் சொல்வேன்கா. சின்ன வயசுலேர்ந்து சொல்லியிருக்கேன். நீ எடுக்க மாட்டேன்னு நினைச்சேன்."

டீச்சரின் கண்ணீர் அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மீதியையும் சொன்னார். எதையும் மறைத்துவைக்க அவருக்குத் தெம்பு இல்லை.

"ரெண்டு அம்பதுக்கு ஆரம்பிச்சேன். மூணு அஞ்சுக்கு வட்டம் முடிஞ்சுது. முடிஞ்சும் போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னேன். உனக்கு ஒரு போன் போடலாமான்னு நினைச்சேன்டா. சத்தியமா நினைச்சேன். அப்புறம், அவனா வந்து கேக்கட்டும், ஒரு நாள் கால் நனைஞ்சாத்தான் புத்தி வரும்னு... கால் நனையும்னுதான் நினைச்சேன். இப்படி ஆகும்னு..."

"விடுக்கா."

"என்னை ரெண்டு வார்த்தை திட்டுடா."

"விடுன்னு சொல்றேனே."

அவர் எழுந்து போய், சமையலறை அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவி, தன் போனை எடுத்து வந்தார்.

"அன்னிக்கே அணைச்சு மேல போட்டேன். நீ எத்தனை தடவை கூப்பிட்டிருப்பியோன்னு பயம். உன் பேரை அதுல வரிசையாப் பார்க்கிற தைரியம் இல்லை." அவர் முகத்தில் ஒரு சின்னத் தெளிவு இருந்தது. "இப்போ பயமில்லையே. நீதான் கூப்பிடலையே."

பொத்தானை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. வியாழக்கிழமை தவறிய அழைப்புகளைப் பார்க்க விரலால் தள்ளினார். டீச்சர் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெளிவு மெல்ல வடிந்து போவதைப் பார்த்தார்.

"என்னடா?"

அவர் போனை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஒன்பது அழைப்புகள். ஒன்பதும் ஒரே பெயர். மனைவியை அவர் செல்லமாகத் 'தையல்' என்று கூப்பிடுவார். போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். ஒன்பது வரியிலும் தையல், தையல், தையல்.

கீழே அறைக்குள் தண்ணீர் ஏற ஏற, தலைக்கு மேல் மாடியில் தூங்குகிற புருஷனை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். போன் அவர் தலைமாட்டில் சத்தமில்லாமல் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்திருக்கிறது.

ஒரு பாரத்தை இறக்கத்தான் டீச்சர் வந்தார். அதைவிடப் பெரியதைத் தம்பியின் தலையில் ஏற்றிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. போனைப் பிடுங்கி எங்காவது எறிந்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் பார்த்தாகிவிட்டது, இனி என்ன செய்ய?

"எனக்கு ஒரு தடவை பண்ணியிருக்கலாமேடா," என்றார் டீச்சர். "ஓடி வந்திருப்பேனே. எனக்கு ஏன் பண்ணலை அவ?"

"நான்தான் சொல்லியிருந்தேன். எது வந்தாலும் அக்காகிட்டப் போய் நிக்காதேன்னு." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்ன பேச்சைக் கேட்டிருக்கா."

வெளியே தெருவில் ஆட்கள் நடந்து போகிற சத்தம் கேட்டது.

"முதல் கால் மூணு ஒண்ணு," என்றார் அவர். கிரேனில் எடை படிக்கிற குரலில், ஒவ்வொன்றாக. "மூணு ரெண்டு. மூணு மூணு. மூணு மூணு. மூணு அஞ்சு. மூணு ஆறு. மூணு எட்டு. மூணு ஒம்பது."

அவர் நிறுத்தினார்.

"கடைசி?" என்று டீச்சர் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மூணு பன்னெண்டு. உன் வட்டம் எத்தனைக்கு முடிஞ்சுதுன்னு சொன்னே?"

பதில் இரண்டு பேருக்குமே தெரியும். மூன்று ஐந்திலிருந்து மூன்று பன்னிரண்டு வரைக்கும், தம்பிக்குப் புத்தி வரட்டும் என்று அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்ற ஏழு நிமிஷமும் அவள் உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.

வாசலில் நிழல் விழுந்தது. கேப்டன் கோப்போடு நின்றிருந்தார். டீச்சரையும், தம்பி கையிலிருந்த பட்டியலையும் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"டீச்சர், மணி ஆகுது," என்றார்.

கிரேன்காரர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பட்டியலை மடித்து ஒரு பையில் வைத்தார், போனை இன்னொரு பையில். கேப்டனைத் தாண்டி வாசற்படி இறங்கியவர், அக்கா வரவில்லை என்று கண்டு திரும்பினார்.

"வாக்கா. அந்த அதிகாரி கேட்டா, யார் தட்டலைன்னு நீ சொல்லு. யார் போனை எடுக்கலைன்னு நான் சொல்றேன்."